விலையும் பரிசும் ஒன்றாகக் கேட்கும் காது

விலைக்கும் பிரைஸ், பரிசுக்கும் பிரைஸ். பனிக்கட்டி ஐஸ் என்றால் கண்களும் ஐஸ். மதுரையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறவர்கள் திணறுகிற இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் வெளிநாட்டில் அச்சான பயிற்சிப் புத்தகங்கள் அதிகம் எச்சரிப்பது வேறொரு ஜோடியைப் பற்றி: கப்பலுக்கு ஷிப், செம்மறி ஆட்டுக்கு ஷீப். குறில் நெடிலில் வளர்ந்த நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. கல்லையும் காலையும் பிரிக்கிற காதுக்கு ஷிப்பும் ஷீப்பும் எம்மாத்திரம்? எந்தச் சொல் யாரைக் குழப்பும் என்பதில் ஆங்கிலத்துக்கு உள்ள பங்கு பாதிதான். மீதியைத் தாய்மொழி முடிவு செய்கிறது.

தல்லாகுளம், மதுரை என்று சொல்லிப் பாருங்கள், தொண்டையில் விரலை வைத்தபடி. தல்லாகுளத்தின் த வரும்போது குரல்வளை சும்மா இருக்கும். மதுரையின் து வரும்போது அதிரும். கோரிப்பாளையத்தின் கோ, திருப்பரங்குன்றத்தின் கு இரண்டுக்கும் இதே கதைதான். ஒலி இரண்டு, எழுத்து ஒன்று. காரணம், எங்கே அதிர வேண்டும் என்பதை இடமே சொல்லிவிடுகிறது. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லினம் அதிராது. மெல்லினத்துக்குப் பின்னால் அதிரும். பொருளை மாற்றாத வித்தியாசத்தை மூளை கண்டுகொள்வதில்லை. கோபம், பஸ் மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்களால் தொடக்கத்தில் அதிரும் ஒலி நமக்குக் கொஞ்சம் பழகியிருக்கிறது. சொல்லின் கடைசியில் அந்தப் பழக்கமும் கிடையாது. அதனால்தான் முதுகும் பேக், பையும் பேக்.

இந்த வடிகட்டல் நாம் பேசத் தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஹிந்தியின் த, ட ஒலிகளைக் கேட்கவிட்டார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானோர் இரண்டையும் பிரித்துக் கேட்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறமை வெகுவாகக் குறைந்துவிட்டது. நமக்குப் பத்தும் பட்டும் வேறு வேறு என்பதில் சந்தேகமே வராது. லண்டன்காரர் காதைத் தீட்டிக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். ஆக, காது மந்தமாக இருப்பது நமக்கு மட்டும் நேர்ந்த குறை இல்லை.

அப்புறம் கோட் விவகாரம். மேலே போடுகிற கோட் ஒன்று, ஆட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற கோட் இன்னொன்று. நாக்கு அடைப்பைத் திறந்ததும் குரல்வளை உடனே அதிரத் தொடங்குவதில்லை. நடுவில் சிறிய இடைவெளி உண்டு. லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் இருவரும் 1964-இல் 11 மொழிகளில் இதை அளந்தார்கள். தமிழும் அதில் ஒன்று. ஆங்கிலத்தில் தனிச்சொல்லாகச் சொல்லும்போது, போடுகிற கோட்டின் தொடக்க ஒலிக்குச் சராசரியாக 80 மில்லிவிநாடி, ஆட்டின் தொடக்க ஒலிக்கு 20 மில்லிவிநாடி. நம்முடைய க நிற்பது அந்த இருபதை ஒட்டி. அதனால் நாம் கோட் வேண்டும் என்று கேட்டால் ஆங்கிலேயர் காதில் ஆடு விழ வாய்ப்பிருக்கிறது. அந்த 80 மில்லிவிநாடியை நிரப்புவது காற்று. வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதம் ஒன்றைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். போடுகிற கோட்டுக்கு அது ஆட வேண்டும்.

மதுரையிலேயே சௌராஷ்டிரம் பேசும் வீடுகளில் நிலைமை வேறு. அது இந்தோ-ஆரிய மொழி. அதிராத க, அதிரும் க, காற்றோடு வரும் க எல்லாம் அதில் தனித்தனி ஒலிகள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டீச்சரிடம் படிக்கிற இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு இந்த ஜோடி வீட்டிலேயே பழகியிருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஒருவரை மக்கு என்பது அநியாயம்.

சரி, பிரைஸுக்கு என்ன வழி? கடைசி ஒலியைத் துரத்தாதீர்கள். ஆங்கிலேயர்களே பரிசின் கடைசி ஒலியைப் பல நேரம் அரைகுறையாகத்தான் அதிரவிடுகிறார்கள். அவர்கள் காது பிடித்துக்கொள்வது அதற்கு முந்தைய உயிரொலியின் நீளத்தை. அதிரும் மெய்க்கு முன்னால் வரும் உயிர் ஆங்கிலத்தில் நீளும், தனிச்சொல்லில் சில நேரம் ஒன்றரை மடங்கு வரைக்கும். விலையில் ஐ சட்டென்று முடியும், பரிசில் இழுக்கும். கண்களில் இழுக்கும், பனிக்கட்டியில் இழுக்காது. பையில் இழுக்கும், முதுகில் இழுக்காது. நீளத்தை அளப்பதுதான் தமிழ்க் காதுக்குக் கைவந்த கலையாயிற்றே! கடைசி மெய்யை மட்டும் அதட்டித் திருத்தும் வகுப்புகள் இந்த வசதியை ஏன் விட்டுவிடுகின்றன என்று எனக்குப் புரிவதில்லை.

இரவைக் குறிக்கும் நைட்டுக்கும் போர்வீரரைக் குறிக்கும் நைட்டுக்கும் இது உதவாது. 14ஆம் நூற்றாண்டில் போர்வீரரின் தொடக்கத்தில் உள்ள கே ஒலித்தது; பிறகு ஒலி உதிர்ந்தது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. மதுரைப் பேச்சில் பலருக்கு ழகரம் ளகரமாவதால், பேப்பரைக் கிழி என்பதும் மீனாட்சியம்மன் கையில் இருக்கிற கிளியும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. யாரும் குழம்புவதில்லை, பக்கத்துச் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு நைட்டுகளையும் பேச்சில் அப்படித்தான் பிரிக்க முடியும், லண்டன்காரராக இருந்தாலும். எழுதும்போது மட்டும் ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.