மைனாரிட்டி ஸ்ட்ரெஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

சிங்கப்பூர்த் தமிழரிடம் 'மைனாரிட்டி ஸ்ட்ரெஸ்' என்று சொன்னால் அவருக்கு முதலில் இனம்தான் ஞாபகம் வரும். வாடகை வீடு தேடும்போது இந்தியர் என்றதும் பேச்சை முடித்துக்கொண்ட வீட்டுக்காரர், பள்ளியில் நிறத்தைச் சொல்லிக் கிண்டலடித்த பையன்கள், இப்படி. அதுவும் இந்த வகைதான். ஆனால் மனநலத் துறையில் இந்தத் தொடர் பேர் வாங்கியது பாலியல் சிறுபான்மையினர் பற்றிய ஆய்வில். பெண்களை விரும்பும் பெண்களைப் பற்றி எழுதும்போது வர்ஜீனியா புரூக்ஸ் 1981இல் இதைப் பயன்படுத்தினார். அப்புறம் இலான் மெயர் 1995இலும் 2003இலும் எழுதிய கட்டுரைகளில் அது ஒரு முழுக் கோட்பாடாக வளர்ந்தது.

வேலை, பணம், தேர்வு என்று எல்லாருக்கும் தொல்லை உண்டு. அதற்கு மேல், சமூகம் ஏற்காத ஓர் அடையாளம் இருப்பதாலேயே ஒருவர் கூடுதலாகச் சுமப்பதுதான் இது. கேலி, அடி, வேலையில் ஒதுக்கப்படுவது எல்லாம் வெளியே நடப்பவை. உள்ளே நடப்பவை வேறு: எப்போது ஒதுக்குவார்களோ என்று காத்திருப்பது, மறைப்பது, ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் கேவலத்தைத் தானும் நம்பிவிடுவது. என்னைக் கேட்டால், மறைப்பதுதான் இதில் ஆளைத் தின்னும் பகுதி.

ஏனென்றால் நிறத்துக்காகக் கிண்டல் பட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழும், அம்மாவுக்கும் அதே நிறம், அவரும் அதைப் பட்டிருப்பார். ஆண்களை விரும்பும் பையனுக்கோ மறைக்க வேண்டிய முதல் இடமே வீடுதான். தீபாவளிக்கு வந்த அத்தை "என்னப்பா, பொண்ணு பாத்துடலாமா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே முறுக்கைக் கடிக்க வேண்டும். தனியாகப் போய் இருக்கலாமே என்றால், மணமாகாதவர் தனியாக வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு, வாங்க 35 வயதாக வேண்டும், வெளியே வாடகை சம்பளத்தை விழுங்கிவிடும். ஆக, இருபதுகள் முழுக்க இந்த மறைப்பு வேலைக்கு லீவே கிடையாது.

இதெல்லாம் வெறும் மன பிரமை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் 2004இல் சில மாநிலங்கள் ஒருபால் திருமணத்துக்குத் தடை கொண்டுவந்தன. அந்த மாநிலங்களில் இருந்த பாலியல் சிறுபான்மையினரிடம், தடைக்கு முன்னும் பின்னும் எடுத்த தகவல்களை மார்க் ஹாட்சன்பூலர் என்ற ஆய்வாளரின் குழு ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டது: மனநிலைக் கோளாறுகள் 36.6% கூடியிருந்தன, மதுப் பழக்கக் கோளாறு 41.9%. தடை வராத மாநிலங்களில் அப்படி ஏறவில்லை. இங்கே சிங்கப்பூரில், ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கி 1938இல் வந்த 377ஏ சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29 அன்று நீக்கியது. வெளிச்சுமை ஒன்று இறங்கியது, சரி. அத்தையின் கேள்வியை எந்த நாடாளுமன்றம் நீக்கும்?

குடியும் போதைப்பொருளும் இந்த இடத்தில்தான் நுழைகின்றன. மறைத்து மறைத்துக் களைத்தவருக்கு ரெண்டு மணி நேரம் அந்தக் காவல் வேலை நின்றால் போதும் என்று இருக்கும். சிலருக்கு அது மது, சிலருக்கு ஐஸ், அதாவது மெத்தாம்பெட்டமின், சில சமயம் உடலுறவோடு சேர்த்து. அதோடு, இங்கே போதைப்பொருளுக்கு அடிமை என்று சந்தேகப்படும் நோயாளியைப் பற்றி மருத்துவர் 7 நாள்களுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. உதவி தேடிப் போனால் ஒரு ரகசியத்தோடு இன்னொன்றும் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் சும்மா வரவில்லை. செய்தியில் வரும் 'போதைப்புழங்கி' என்ற சொல் வேறு, ஆளையே அந்தப் பழக்கமாகச் சுருக்கிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

இப்போது சொல்லுக்கு வருவோம். 'ஸ்ட்ரெஸ்' பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனில் இருந்து வந்தது, அடியில் இருக்கும் பொருள் இறுக்கிக் கட்டுவது, இடுக்கு. நம் 'நெருக்கடி'யும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் பிறக்கிறது. 'மைனாரிட்டி'க்குச் சிறுபான்மை என்று தயாராகச் சொல் இருக்கிறது, அது புதிதாகச் செய்ததும் இல்லை. பழைய இலக்கண உரையாசிரியர்கள் 'சிறுபான்மை இவ்வாறும் வரும்' என்று எழுதுவார்கள். அதாவது குறைவாக வரும், ஆனால் இலக்கணத்துக்கு உட்பட்டதுதான். பிழை என்றால் அதற்கு 'வழு' என்று தனிச் சொல் வைத்திருந்தார்கள். பாலியல் சிறுபான்மையினர் என்று சொல்லும்போது இந்தப் பழைய பொருள் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சிக்கல் ஸ்ட்ரெஸ்ஸில்தான். 'மன அழுத்தம்' என்று போட்டால் ஒருவர் ஸ்ட்ரெஸ் என்று படிப்பார், இன்னொருவர் டிப்ரெஷன் என்று படிப்பார், ஏனென்றால் இரண்டுக்கும் அதையே எழுதிப் பழகிவிட்டோம். டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு இருக்கிறது, அதை அதற்கே விட்டுவிடலாம். இதற்கு நான் எடுப்பது உளைச்சல். நாளெல்லாம் நின்று வேலை பார்த்தால் ராத்திரி கால் உளைகிறது என்கிறோமே, அந்த உளை. அழுத்தம் கையை எடுத்தால் போய்விடும், உளைச்சல் உட்கார்ந்த பிறகும் விடாது. அதனால் 'சிறுபான்மையர் உளைச்சல்'. இனத்தோடு குழம்பும் இடத்தில் முன்னால் 'பாலியல்' சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழராகவும் தன்பாலீர்ப்பு உள்ளவராகவும் இருப்பவருக்கு இரண்டு உளைச்சலும் ஒரே உடம்பில் என்பதையும் இதே சொல்லால் எழுதிவிடலாம்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இது நோயின் பெயர் இல்லை, காரணத்தின் பெயர். மருத்துவர் எழுதுவது மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு என்றுதான் இருக்கும். பாலியல் சிறுபான்மையினருக்கு ஆலோசனை தரும் ஊகாசாகா 1999 முதல் இங்கே இயங்குகிறது, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் நேரத்துக்கு எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 எண் 24 மணி நேரமும் உண்டு.