ஸ்டிக்கர் பசை காய்வதே இல்லை

சிங்கப்பூரில் மூன்று வருட சிஓஇ (வண்டியை வைத்திருக்க அரசிடம் வாங்கும் உரிமைச் சான்று) மிச்சமிருந்த ஒரு மோட்டார் சைக்கிளைப் போன வருடம் வாங்கினேன். எஞ்சினில் குறையில்லை, செயின் புதுசு, விலையும் கட்டுப்படியானது. ஆனால் நீல நிற டேங்கின் இரண்டு பக்கமும் தீப்பற்றி எரிவதுபோல மஞ்சளும் சிவப்புமாகப் பெரிய ஸ்டிக்கர், பின்னால் எப்போதோ ஒட்டி எடுக்க மறந்த, புது ஓட்டுநர் என்று காட்டும் பி பிளேட், முன் மட்கார்டில் சின்னதாக ‘முருகன் துணை’. தீயை எடுத்துவிட்டுத்தான் ஓட்டுவது என்று அன்று சாயங்காலமே அடுக்குமாடி புளோக் கீழே உட்கார்ந்து, ஒரு மூலையை நகத்தால் கிளப்பி வெடுக்கென்று இழுத்தேன். ஸ்டிக்கர் வந்தது. கூடவே கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயின்டும் வந்தது.

அப்புறம்தான் இந்தப் பசை என்னதான் செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் முதலில் புரிந்த விஷயம், ஸ்டிக்கர் பசை காய்வதே இல்லை என்பது. மர வேலைக்குப் போடும் வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீர் வெளியேறியதும் அது இறுகிவிடுகிறது, அதனால்தான் பிடிக்கிறது. ஸ்டிக்கர் பசைக்கு அந்த வேலையே கிடையாது. தொழிற்சாலையில் பூசியபோது எப்படிப் பிசுபிசுவென்று இருந்ததோ, ஏறக்குறைய அப்படியேதான் வருடக்கணக்காக டேங்க் மேலும் இருக்கிறது. நாம் விரலால் அழுத்தும்போது பெயின்டின் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்குள் அது மெல்ல ஓடி நிரம்புகிறது, அவ்வளவு நெருக்கமாகப் போனபின் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள இழுப்பே பிடித்துக்கொள்ளப் போதும். ஆக அது ஒரு திரவம், ஆனால் அவசரப்பட்டால் திடப்பொருளாகிவிடும் திரவம்.

புரோட்டா மாவைப் பிசைந்தவர்களுக்கு இது தெரியும். மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் எதிர்த்து நின்று அறுந்துவிடும். பசையும் அதே ஜாதி. வேகமாக இழுத்தால் அதில் உள்ள நீண்ட மூலக்கூறுகள் நகர்ந்து வழிவிட நேரம் கிடைப்பதில்லை, பசை கெட்டியாக நிற்கிறது, இழுத்த விசை முழுவதும் கீழே இருக்கும் பெயின்டுக்குப் போகிறது. பெயின்ட் ஒழுங்காக அடித்ததாக இருந்தால் தாங்கும். என் டேங்கில் அந்த மூலை யாரோ டப்பா ஸ்பிரே வாங்கி ஒட்டுப்போட்ட இடம், தாங்கவில்லை. மெதுவாக இழுத்திருந்தால் பசையே நீண்டு கொடுத்திருக்கும்.

சூடாக்குவது ஏன் உதவுகிறது என்பதற்கும் காரணம் இதேதான். சூட்டில் மூலக்கூறுகள் சீக்கிரம் நகர்கின்றன, அதனால் பசையைப் பொறுத்தவரை சூடாக்குவதும் மெதுவாக இழுப்பதும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அளவு மீறினால் வேறு தொல்லை. பசை மிகவும் இளகிப்போய் நடுவிலேயே பிளந்துகொள்ளும், பாதி ஸ்டிக்கரோடு வரும், பாதி டேங்கிலேயே தங்கிவிடும். கை வைத்தால் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் தாங்க முடியாத சூடு, அதாவது 50, 60 டிகிரி, போதும். பெயின்ட் கடையில் விற்கும் ஹீட் கன் சில நூறு டிகிரி வரை போகும். வண்டியின் பக்கவாட்டை மூடும் உறையான ஃபேரிங் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், அது 105 டிகிரி வாக்கில் இளக ஆரம்பித்துவிடும், ஆகவே ஹீட் கன் பக்கமே போகாதீர்கள். ஹேர் டிரையர் நல்லது. ஆனால் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) வாகன நிறுத்துமிடத்தில் பிளக்குக்கு எங்கே போவது? நான் ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய்ப் பழைய துண்டை நனைத்து ஸ்டிக்கர் மேல் போர்த்திவிட்டேன். தண்ணீருக்கு ஒரு நல்ல குணம், திறந்த பாத்திரத்தில் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது, துண்டில் ஊற்றும்போதே இன்னும் ஆறிவிடும். பக்கத்தில் பெட்ரோல் இருக்கும்போது தீப்பொறி இல்லாத சூடு என்பதும் ஒரு நிம்மதி. மதிய வெயிலில் திறந்த இடத்தில் நிறுத்திய வண்டி என்றால் துண்டுகூட வேண்டாம்.

சூயிங்கம் ஒட்டினால் ஐஸ் வைப்பார்களே, அதைச் செய்யலாமா என்று என் தம்பி கேட்டான் (1992-லிருந்து சூயிங்கம் விற்பனைக்கே தடை இருக்கும் ஊரில் வளர்ந்தவன், எங்கே பார்த்தானோ). ஐஸ் கட்டியின் குளிரில் சூயிங்கம் இறுகி நொறுங்கும். ஸ்டிக்கர் பசை கண்ணாடிபோல இறுகுவதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே இன்னும் பல டிகிரி போக வேண்டும், ஐஸ் கட்டியால் ஆகாது.

இழுக்கும் கோணமும் முக்கியம். டேங்குக்குச் செங்குத்தாக, நம்மை நோக்கி இழுப்பதுதான் எல்லாருக்கும் கைவருவது. அதைவிட ஸ்டிக்கரை முழுக்க மடித்து, அதன் முதுகின் மேலேயே, டேங்கை ஒட்டியபடி பின்னோக்கி இழுப்பது மேல். கணக்குப்படி 90 டிகிரியில் தேவைப்படும் விசையில் பாதிதான் 180 டிகிரியில் தேவை, அதோடு பெயின்டை மேலே தூக்கும் இழுப்பும் குறைகிறது. நிமிடத்துக்கு ஒரு விரல்நீளம் வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அதே தீயைத்தான் உரித்துக்கொண்டிருந்தேன்.

இது நூறு வருடப் பிரச்சினை. 1920களில் அமெரிக்காவில் இரண்டு நிறக் கார்கள் நாகரிகமாக இருந்தபோது, ஒரு நிறத்தை மறைக்க ஒட்டிய டேப்பை எடுத்தால் பெயின்டும் சேர்ந்து வந்தது. பட்டறையில் பெயின்டர்கள் திட்டித் தீர்ப்பதைப் பார்த்த 3எம் நிறுவனத்து இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ, பிடிக்கவும் வேண்டும் விடவும் வேண்டும் என்ற பசையைத் தேடி 1925-இல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார்.

சில ஸ்டிக்கர் முழுசாக வராது, பொடிப்பொடியாக உதிரும். ஸ்டிக்கர் படலம் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக், இயல்பில் விறைப்பானது, அதை வளையச் செய்வதே உள்ளே கலந்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருள்தான். வெயிலில் வருடக்கணக்காக நின்றால் அது மெல்ல வெளியேறிவிடுகிறது, மிஞ்சுவது அப்பளம். சூடு கொஞ்சம் மீண்டும் வளைய வைக்கும், மீதிக்குச் சுரண்டத்தான் வேண்டும். பிளேடு மட்டும் வேண்டாம். பெயின்டுக்கு மேல் இருக்கும் பளபளப்பான கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடித் தடிமன்கூடத் தேறாது. காலாவதியான ஈசி-லிங்க் பயண அட்டை இதற்கு அருமையான கருவி, ஏனென்றால் சுரண்டும்போது தேய்வது அட்டைதான்.

சரி, மிச்சப் பசை. பலாப்பழம் அறுப்பதற்கு முன் அம்மா கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாலைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போகாது, எண்ணெய்க்குத்தான் மசியும். எண்ணெய்க் குணமுள்ளது எண்ணெய்க் குணமுள்ளதில் கரையும், ஸ்டிக்கர் பசைக்கும் அதே விதி. தேங்காய் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விட்டால் பசை ஊதி இளகும். அதன் மூலக்கூறு பெரியது, உள்ளே நுழைய நேரம் எடுக்கும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய், டபிள்யூடி-40 போன்றவை சின்ன மூலக்கூறுகள், சீக்கிரம் நுழையும். ஆனால் பிவிசி படலம் எண்ணெயை உள்ளே விடாது, அதனால் படலத்தை எடுத்த பிறகுதான் எண்ணெய். பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே தீப்பிடிக்கும் ரகம், புளோக் கீழே அந்த விளையாட்டு வேண்டாம்.

பசையில் கரையும் எண்ணெய் பெயின்டில் ஏன் கரைவதில்லை? காய்ந்த இடியாப்பத்தில் பால் ஊற்றினால் இழைகள் ஊறிப் பிரிந்துவிடும். மீன்வலையைக் கடலிலேயே போட்டாலும் நனையும், பிரியாது, ஏனென்றால் கண்ணிக்குக் கண்ணி முடிச்சு. கம்பெனியில் அடித்த கிளியர் கோட் மீன்வலை. டப்பா ஸ்பிரே பெரும்பாலும் இடியாப்பம், தின்னரோ அசிட்டோனோ பட்டால் வழித்துக்கொண்டு வந்துவிடும். அசிட்டோன் ஏபிஎஸ்ஸையே கரைக்கும், நகப்பூச்சு நீக்கியைத் தேடி அக்காவின் அலமாரியைத் திறக்க வேண்டாம். எதைத் தடவினாலும் முதலில் சீட்டுக்கு அடியில் தெரியாத இடத்தில் தடவிப் பாருங்கள், துணியில் கலர் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

இந்த நேரத்தில்தான் சீன அங்கிள் பாக்கெட்டிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து நீட்டினார். ஊருக்குப் போகும்போது டஜன் கணக்கில் வாங்கிப்போகும் அதே தைலம். சிரித்தேன், ஆனால் அவர் சொன்னது சரி. அதில் இருக்கும் யூகலிப்டஸ் எண்ணெய் ஸ்டிக்கர் பசைக்கு நல்ல கரைப்பான், நாலு சொட்டில் பசை சுருண்டு வந்தது. சீனப் புத்தாண்டு ஆரஞ்சுத் தோலைப் பலூன் மேல் பிழிந்தால் பலூன் வெடிக்குமே, அந்தத் தோல் எண்ணெயும் யூகலிப்டஸ் எண்ணெய்க்கு உறவுதான். சந்தோஷத்தில் கையைத் துடைக்காமல் மீட்டரைத் தொட்டுவிட்டேன். மீட்டர் மேல் இருப்பது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். விரல் பட்ட இடம் மங்கிவிட்டது, இன்றைக்கும் வேகமுள் 60-ஐத் தாண்டும்போது புகைக்குள் போய் வருகிறது. பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக், ஸ்குரூ இறுக்கிய ஃபேரிங் ஓரம் இங்கெல்லாம் இந்த மாதிரி எண்ணெய்கள் ஆபத்து. இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்குக்குள் நுழைந்து விரிசல் விடச் செய்யும்.

கடைசிப் பிசுபிசுப்புக்கு முள்ளை முள்ளால்தான். ஒரு டேப்பை விரலில் சுற்றி அதன் மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள், பசைக்குப் பசையைத்தான் ரொம்பப் பிடிக்கும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு. பளபளப்பில்லாத மேட் பெயின்டாக இருந்தால் தேய்க்காதீர்கள், தேய்த்த இடம் மினுங்கும். இன்னொன்று, நகத்தை ஓட்டினால் ஓரமே தட்டாத ஸ்டிக்கர் கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது, அதை எடுக்க முடியாது.

எல்லாம் முடிந்து தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் டேங்கில் தீ அப்படியே இருந்தது, ஸ்டிக்கர் இல்லாமல். பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரை டிகிரிகூடத் தள்ளி இல்லாத ஊர் இது, வருடம் முழுக்கப் புற ஊதாக் கதிர் கொட்டுகிறது. சுற்றிலும் நீலம் வெளுத்துவிட்டது, ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் வாங்கிய நாள் நீலம். பாலிஷ் போட்டால் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அதுவும் அந்த 40 மைக்ரானிலிருந்துதான் எடுக்கும், அதனால் இரண்டு தடவையோடு விட்டுவிட்டேன். ராத்திரி வாகன நிறுத்துமிட விளக்கில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் கருநீலத்தில் எரிகிறது. ‘முருகன் துணை’யை அம்மா தொடவே விடவில்லை. அது அப்பளமாகி, ‘ணை’ பாதி உதிர்ந்துவிட்டது.