41414-ம் ஒக்டாவும்: பலூன் ரிப்போர்ட்ல மேகத்த எப்படி படிக்கறது

வெதர் பலூன் ரிப்போர்ட்ட எண் குறியீடாவே படிக்கறவங்க டிடிபிபி (TTBB, ரிப்போர்ட்டோட ஒரு பகுதி) கடைசி வாக்குல 41414னு ஒரு எண் குரூப் பாத்திருப்பீங்க, எல்லாத்துலயும் வராது, வந்தா அதுக்கு அடுத்த 5 இலக்கம் மேக விவரம். இத பலூன் அளக்கறதே இல்லைங்க. அதுல தொங்குற ரேடியோசோண்ட் அனுப்பறது காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், மேகத்த பலூன் விடுற நேரத்துல ஸ்டேஷன்ல இருக்கறவர் அண்ணாந்து பாத்துதான் எழுதுறாரு.

உதாரணத்துக்கு 41414 39523னு வச்சுக்குவோம். முதல் இலக்கமான 3, கீழ் மேகத்தோட அளவு (கீழ் மேகம் இல்லேன்னா நடு மேகத்தோடது), இதுக்கு யூனிட்டு ஒக்டா. கிரேக்கத்துல ஒக்டோன்னா எட்டு, அக்டோபர்ல இருக்கறதும் இதே எட்டுதான். வானத்த எட்டு பங்கா பிரிச்சா ஒரு பங்கு ஒரு ஒக்டா.

ஒக்டாவுக்கு தமிழ்ல புதுசா சொல் உருவாக்கவே தேவையில்லைன்றது என் கருத்து, நம்ம பழைய கீழ்வாய் எண்ணுலயே (பின்ன எண்) எட்டுல ஒண்ணுக்கு அரைக்கால்னு பேர் இருக்கு. 2 ஒக்டா கால், 3 ஒக்டா காலே அரைக்கால், 4 அரை, 6 முக்கால், 7 முக்காலே அரைக்கால், 8 முழுசு, எவ்ளோ அழகா பொருந்துது பாருங்க! ஒண்ணு கவனிங்க, துணுக்கு மேகம் இருந்தாலே 1 போடணும், ஓரத்துல துளி நீலம் தெரிஞ்சாலும் 7தான், 8 போடக்கூடாது.

39523ல அடுத்த இலக்கம் 9, உச்சி நார் நாராவோ பட்டறைக்கல்லு மாதிரி விரிஞ்சோ இருக்கற இடிமேகம். 5ன்னா மேகத்தோட அடிப்பக்கம் தரையிலேர்ந்து 600 முதல் 1000 மீட்டர்குள்ள. 2 நடு உயரத்துல தடிச்ச மேகப்போர்வை, கடைசி 3 இடிமேகத்தோட தலையிலேர்ந்து பிரிஞ்சு வந்த அடர்த்தியான கீற்று மேகம். இந்த 9-ம் கடைசி 3-ம் சேந்து வந்தா பக்கத்துல இடிமழைன்னு உடனே உஷாராயிடலாம்.

வானம் சுத்தமா இருந்தா 00900னு வரும், உயரத்துக்கு 9 போட்டிருக்கேன்னு குழம்பாதீங்க, அந்த இடத்துல 9ன்னா 2500 மீட்டருக்கு மேல, இல்ல மேகமே இல்ல. கீழ் மேகம் முழுசா மூடி மேல ஒண்ணும் தெரியலன்னா கடைசி ரெண்டு இடத்துலயும் சாய்கோடு வரும், அத 0ன்னு எடுத்துக்கிட்டு மேல மேகமே இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, 0ன்னா பாத்தாச்சு இல்ல, சாய்கோடுன்னா பாக்கவே முடியல.