வயதுக்கு வரும் படமா, பராயமடையும் படமா?

போன கிழமை திருகோணமலை உப்புவெளியில் பெரியம்மா வீட்டில் பெடியள் சேர்ந்து 'த வான்டரர்ஸ்' படம் போட்டார்கள், 1979இல் வந்தது. தம்பி முறையான ஒருவன் கைபேசியில் கிடந்த தமிழ் அறிமுகத்தைச் சத்தமாக வாசித்தான்: "1963இல் நியூயோர்க் பிராங்ஸ் தெருக்களில் வயதுக்கு வரும் குண்டர் கும்பலின் கதை." வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மம்மா கையை நிறுத்திவிட்டுக் கேட்டார், "அங்க பெடியளுக்கும் தண்ணி வார்ப்பினமோ?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. 'வயதுக்கு வருவது' என்றால் தமிழில் பெண் பூப்படைவது. அம்மம்மா சரியாகத்தான் விளங்கிக்கொண்டார், எழுதியவர்தான் பிழை.

சிறுவர் பெரியவராகும் கதையை ஆங்கிலத்தில் 'கமிங் ஒஃப் ஏஜ்' என்பார்கள், அதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். அது சட்டத்தில் பிறந்த பேச்சு. இங்கிலாந்தில் முன்பு 21 வயது நிறைந்தால்தான் ஆள் சொந்தமாகக் கையெழுத்து வைக்கலாம். பிறகு அதைக் கதைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் 'வயது வந்தவர்' வேறு, 'வயதுக்கு வந்தவள்' வேறு. இந்த ஒரு 'கு' வாக்குச்சாவடியில் நிற்பவரைச் சாமத்திய வீட்டில் கொண்டுபோய் இருத்திவிடும், இதுகூடத் தெரியாமல் ஏன் மொழிபெயர்க்க வருகிறார்கள்? சிலர் 'முதிர்ச்சிப் படம்' என்கிறார்கள். முதிர்ச்சி போய்ச் சேருகிற இடம், இந்தப் படமோ வழியில் நடப்பது. பால்டீஸ் என்ற மொட்டைத் தலைக் கூட்டத்துப் பெடியள் குடிவெறியில் மரைன் படைக்குக் கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். கென்னடி சுடப்பட்ட செய்தியைக் கடைக் கண்ணாடிக்குள் ஓடும் தொலைக்காட்சியில் சனம் அழுதழுது பார்க்க, கதாநாயகன் ரிச்சி விறைத்துப்போய் நிற்கிறான். இதில் எங்கே முதிர்ச்சி? 'வளரிளம் பருவப் படம்' பரவாயில்லை, ஆனால் அது வயதைச் சொல்கிறது, கடப்பதைச் சொல்லவில்லை.

எங்களிடம் சொல் இருக்கிறதே, பராயம். நீதிமன்றத்தில் சட்ட வயது நிறையாதவரைப் 'பராயமடையாதவர்' என்று சொல்வதைக் கேட்காத ஆள் இந்த ஊரில் உண்டா? ஆங்கிலச் சொல்லும் அதே சட்ட வாசலால்தான் வந்தது. பிராயம் வடசொல், பராயம் அதன் திரிபு என்று தனித்தமிழ்க்காரர் தள்ளுவார்கள். அப்போ வயது? அதுவும் 'வயஸ்' என்ற வடசொல்தான்.

அப்புறம் அந்தக் 'குண்டர் கும்பல்'. அதன் ஆங்கில மூலமான 'கேங்' பழைய ஆங்கிலத்தில் போவது, நடப்பது. சேர்ந்து போகிறவர்கள் என்ற பொருள் பிறகு வந்தது. பின்னேரம் டச் பே கடற்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கூடி நிற்கிற பெடியளை நாங்கள் 'செட்' என்போம், குண்டர் என்றால் அடிக்க வருவார்கள்.

தம்பியிடம் மாற்றி வாசிக்கச் சொன்னேன்: "1963, பிராங்ஸ். பராயமடையும் தெருப் பெடியளின் கதை." அம்மம்மா தலையாட்டிவிட்டு வெற்றிலையை இடித்தார்.