காயத்துக்கு ஆடை எதற்கு?

பித்தப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்த சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது போட்டிருந்த அதே நைட்டியில்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில் காலம், வியர்வையில் நனைந்து கசங்கிப் போயிருந்தது. "மாத்திக்கக் கூடாதா சித்தி?" என்று கேட்டேன். "மாத்தக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்று தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அச்சடித்த தமிழில் இருந்தது: "ஆடையை 48 மணி நேரத்துக்கு மாற்ற வேண்டாம். ஆடை ஈரமானால் உடனே தெரிவிக்கவும்."

டிரெஸ்ஸிங்கைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். வயிற்றில் நான்கு இடத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் துண்டுகளைப் பற்றிய பேச்சு அது. சித்தி பள்ளி இறுதி வரை தமிழ் படித்தவர், தினமும் செய்தித்தாள் வாசிப்பவர். அவருக்கு வாசிக்கத் தெரியாமல் நடந்த பிழை இல்லை இது. எழுதியிருந்ததை எழுதியபடியே நம்பினார், அவ்வளவுதான்.

இந்த 'ஆடை'யை நான் பார்ப்பது முதல் தடவை இல்லை. 'காய ஆடை', 'புண் ஆடை', 'அறுவை ஆடை' என்று விதவிதமாகக் கண்ணில் படுகிறது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம். 'டிரெஸ்' என்ற ஆங்கில வினை பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, அதற்கும் மூலம் லத்தீன். நேராக்கு, ஒழுங்குபடுத்து, தயார் செய் என்பதே அடிப்படைப் பொருள். கல்லைக் கொத்திச் சீராக்குவதும், தலைமுடியை வாரி ஒழுங்கு செய்வதும், கோழியைச் சமையலுக்கு ஏற்றபடி சுத்தம் செய்வதும் ஆங்கிலத்தில் இதே வினைதான். உடுத்துவது இதில் ஒரு கிளை, காயத்தைச் சுத்தம் செய்து மருந்து வைப்பது இன்னொரு கிளை. ஒரு கிளையை வெட்டி இன்னொன்றில் ஒட்டியதால்தான் காயத்துக்குச் சட்டை தைக்க வேண்டியதாகிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்குச் சொல்லும் வினை 'பான்ஸே'. 'நினைத்தல்' என்ற சொல்லிலிருந்து பிரிந்தது அது. ஒருவரை நினைத்துக் கவனித்துக்கொள்வது என்று தொடங்கி, காயத்தைக் கவனிப்பது என்று சுருங்கியது. 16ஆம் நூற்றாண்டின் போர்க்கள அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரேயின் புகழ்பெற்ற வாசகம் ஒன்று உண்டு: நான் அவன் காயத்துக்கு மருந்து கட்டினேன், கடவுள் குணப்படுத்தினார். அந்த வாசகத்தில் வருவது இந்த வினைதான். 1537 வாக்கில், இத்தாலியின் துரின் நகர்மீது நடந்த படையெடுப்பின்போது, துப்பாக்கிக் காயங்களில் ஊற்றும் கொதிக்கும் எண்ணெய் தீர்ந்துபோனதும், முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் கலந்து வைத்தார் பாரே. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வலியிலும் துடிக்க, கலவை வைக்கப்பட்டவர்கள் ஓரளவு நிம்மதியாகத் தூங்கியிருந்தார்கள். காயத்தில் எதை வைப்பது என்று ஒப்பிட்டுப் பார்த்த பழைய சம்பவங்களில் இது முக்கியமானது. அவர் எங்கே ஆடை அணிவித்தார்?

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர். அவர் விடவில்லை. "பாலாடை என்கிறோமே, அது பாலின் உடுப்பா? மேலே படர்ந்து மூடுவதும் ஆடைதான். காயத்தின் மேல் படர்வதை ஆடை என்றால் என்ன குறை?" என்றார். நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். பால் துணி உடுத்தாது. அதனால் பாலாடை என்றதும் யாருக்கும் குழப்பம் வராது. காயம்பட்டவரோ துணி உடுத்தியிருக்கிறார். ஒரே உடம்பில் இரண்டு ஆடை, இரண்டையும் மாற்றலாம், இரண்டும் நனையலாம். எந்த ஆடை என்று அந்தத் தாள் சொல்லவில்லை. தவிர, பாலாடை பாலிலிருந்தே விளைகிறது. அந்தக் கணக்கில் காயத்தின் ஆடை என்றால் காயத்தின் மேல் தானாகப் படியும் பொருக்கைத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. ஆடை மறைக்கும். அதைத் தவிர அந்தச் சொல் இந்தப் பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. காஸ் துணி கசிவை உறிஞ்சுகிறது. பாரஃபின் தடவிய வலைத்துணி காயத்தில் ஒட்டிக்கொள்ளாமல் பிரிந்து வருகிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், கசிவை வாங்கிக் கூழாகிவிடுகிறது. நீர் நிறைந்த கூழான ஹைட்ரோஜெல் உலர்ந்த புண்ணுக்கு ஈரம் கொடுக்கிறது. 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து பார்த்தபோது, காற்றுப்பட விட்டவற்றைவிடப் பாலிதீன் படலத்தால் மூடியவற்றில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. காயத்தைக் காயவிடுவதே நல்லது என்ற நம்பிக்கையை ஆட்டிய சோதனை அது. இத்தனை வேலையையும் 'ஆடை'க்குள் எப்படி அடக்குவது?

சரி, தமிழில் சொல் இல்லையா? புறநானூற்றில் ஒரு பாட்டு ஒரு பெண்ணின் தமையன்மாரை "பஞ்சியும் களையாப் புண்ணர்" என்கிறது. போரில் பட்ட புண்ணில் வைத்த பஞ்சைக்கூட இன்னும் எடுக்காதவர்கள். பதிற்றுப்பத்தில், மார்பில் பட்ட வெட்டைத் தைக்கும் நெடிய வெள்ளூசி, குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியைப் போல இருக்கிறது. தையலும் பஞ்சும் வடுவும் நம்மிடம் அன்றே இருந்தவை. பிற்காலத்தில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் ஓர் அறுவை மருத்துவ நூலை 1867இல் 'இரண வைத்தியம்' என்று தமிழில் கொண்டுவந்தார். அமெரிக்காவிலிருந்து வந்தவர் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். இங்கேயே பிறந்தவர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நோயாளி கையில் போகும் தாளை அச்சுக்கு முன் ஒரே ஒரு நோயாளியிடம் படிக்கக் கொடுத்திருந்தால் போதுமே!

மக்கள் வாயில் இருப்பது 'கட்டு'. கட்டுப் போடுவது, கட்டு மாற்றுவது, கட்டுப் பிரிப்பது. செயலைச் சொல்ல 'மருந்து கட்டுதல்'. வெறும் ஒட்டுத் துண்டாக இருந்தும் சித்தி கேட்டது "கட்டு எப்பப் பிரிப்பாங்க?" என்றுதான். கட்டு என்றால் சுற்றி முடிச்சுப் போட வேண்டும் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. நோயாளிக்கான தாளில் இந்தச் சொல் போதும்.

மருத்துவப் பாடநூலுக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் மட்டும் இது போதாது. எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு இருக்கிறது. காயத்தைத் தொடும் அடுக்கு வேறு, அதைப் பிடித்து வைக்கும் பேண்டேஜ் வேறு. இரண்டையும் கட்டு என்றால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாது. தொடும் அடுக்குக்கு நான் 'காயக்காப்பு' என்பேன். காப்பு காக்கிறது, காப்புக் கட்டுவதும் நமக்குப் பழக்கம். 'புண்காப்பு' இன்னும் தூய தமிழ், எனக்கும் புண் என்ற சொல்மேல் ஆசைதான். ஆனால் இன்றைய பேச்சில் தையல் போட்ட சுத்தமான வெட்டு 'காயம்'. சீழ் வைத்தால்தான் "புண்ணாயிடுச்சு" என்கிறோம். அறுவை முடிந்து படுத்திருப்பவரிடம் "உங்கள் புண்" என்றால் பதறிவிடுவார். இந்த இடத்தில் தூய்மையைவிடத் தெளிவு பெரிது.

நுரைக் காப்பு, படலக் காப்பு, ஆல்ஜினேட் காப்பு, வெள்ளி சேர்த்த காப்பு என்று மற்றவையும் எளிதாகக் கிளைக்கும். தையலிட்டு மூடிய அறுவைக் காயத்தில், தொற்றைத் தடுப்பதற்காகச் சாதாரணக் காப்பை விட்டுவிட்டு விலை கூடிய நவீனக் காப்புகளுக்குப் போக வேண்டியதில்லை என்பது 2016இல் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை. பில் கட்டும் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அதையே "மேம்பட்ட ஆடைகளைத் தவிர்க்கவும்" என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

சித்தியின் தாளில் அந்த இரண்டு வரியையும் பேனாவால் அடித்துவிட்டு மேலே எழுதிக் கொடுத்தேன்: "காயத்தின் மேல் போட்ட கட்டை இரண்டு நாளைக்குப் பிரிக்க வேண்டாம். தையல் போட்ட இடத்தில் தோல் மூடிக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகும். கட்டு நனைந்தாலோ ரத்தம் ஊறினாலோ உடனே போன் செய்யவும். உடுத்தும் துணியைத் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்."