பெயரில் வரும் ‘மதி’ எல்லாம் நிலவா?

பெண் குழந்தைக்குப் பெயர் தேடும்போது ‘மதி’ என்று முடிகிற பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். இளமதி, வெண்மதி, சுமதி, பானுமதி, இந்துமதி. எல்லாவற்றிலும் நிலவு இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் இந்த ஐந்து பெயர்களுக்குள் மூன்று வேறு வேறு ‘மதி’கள் இருக்கின்றன.

முதலாவது நிலவு. இளமதி, வெண்மதி, நிறைமதி எல்லாம் இந்த வகை. இரண்டாவது அறிவு. இது ‘நினை’ என்று பொருள்படும் ‘மன்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்த சொல். ‘சு’ என்றால் நல்ல. ஆகவே சுமதி என்றால் நல்லறிவு. இது பெண்பாலுக்கு மட்டும் உரிய சொல்லும் இல்லை. சமணர்களின் 5ஆம் தீர்த்தங்கரர் பெயர் சுமதிநாதர்.

திருக்குறளிலேயே இந்த இரண்டையும் பார்க்கலாம். ‘மதியும் மடந்தை முகனும்’ என்கிற 1116ஆம் குறளில் மதி என்பது நிலவு. எது நிலவு, எது அவள் முகம் என்று தெரியாமல் விண்மீன்கள் கலங்கி நிற்கின்றன. ‘மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு’ என்கிற 636ஆம் குறளில் அது அறிவு. அழகான ஒரே சொல், இரண்டு இடத்தில் இரண்டு முகம்.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. பானுமதியில் உள்ள மதி தனிச்சொல்லே இல்லை, வெறும் விகுதி. ‘உடையவள்’ என்று பொருள். பானு என்றால் ஒளிக்கதிர். பானுமதி ஒளிக்கதிர் உடையவள். வசு என்றால் செல்வம். வசுமதி செல்வம் உடையவள், அதனால் பூமிக்கும் அது பெயர். இந்துமதியில் நிலவு இருக்கிறது, ஆனால் அது ‘இந்து’வில் இருக்கிறது, ‘மதி’யில் இல்லை.

வடமொழியில் இந்தக் குழப்பம் வராது. அறிவைக் குறிக்கும் மதி குறிலில் முடியும்; விகுதியோ ‘மதீ’ என்று நெடிலில் முடியும். நதீ நதியானது போல, தேவீ தேவியானது போல, தமிழுக்கு வந்ததும் அந்த நெடில் குறுகிவிட்டது. அப்புறம் இரண்டும் ஒரே எழுத்தாகிவிட்டன.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ‘மதி’யை எடுத்துவிட்டு ‘மான்’ போட்டுப் பாருங்கள். ஸ்ரீமதி – ஸ்ரீமான். ஆண்பால் வடிவம் சரியாக வந்தால் அது விகுதி. ‘சுமான்’, ‘வெண்மான்’ என்றெல்லாம் பொருந்தி வராது.

இந்த விகுதிக்குத் தமிழில் என்ன? ‘ஆட்டி’தான். மூதாட்டி, பெருமாட்டி என்பவற்றில் இருக்கிறதே, அதே ஆட்டி. ஸ்ரீமதியைத் தமிழாக்கியபோது முன்பாதியை மட்டும் மாற்றித் ‘திருமதி’ என்றோம். பின்பாதி வடமொழியாகவே தங்கிவிட்டது. முழுத் தமிழ் வடிவம் திருவாட்டி. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. இன்னும் நிறையப் பேர் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் குழந்தைப் பெயரில் ‘ஆட்டி’ ஒட்டினால் காதுக்கு இசையாது. அதனால் பொருளைப் பிடித்துக்கொண்டு பெயர் தேடுவதே நல்லது. பானுமதியின் பொருள் பிடித்திருந்தால் கதிர்ச்செல்வி, சுடர்க்கொடி. சுமதிக்கு அறிவுச்செல்வி. நிலவுதான் வேண்டும் என்றால் இளமதி, பிறைமதி, நிறைமதி. இல்லை, நேரே நிலா.

மதியழகன் மட்டும் எந்தப் பக்கமும் சாய்வான். நிலவைப் போல் அழகன் என்றும் கொள்ளலாம், அறிவால் அழகன் என்றும் கொள்ளலாம். அதில் எது என்று சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பெயரை வைத்த அம்மாவும் அப்பாவும்தான்.