நஞ்செச்சம்: ஒரு சொல் விளக்கம்

நாகர்கோவில் வடசேரியில் தெருவோரம் கூடை வைத்திருக்கும் அக்காவிடம் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டால், விலைக்கு முன்னால் வேறொன்று வரும். "எங்க விளையில உள்ளது மக்களே, மருந்து ஒண்ணும் அடிக்கல்ல." விளை என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டம்.

மருந்து அடிக்காததை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்கிற நிலைக்கு வந்திருக்கிறோம். அடித்ததில் காயில் எஞ்சி நிற்பதுதான் தலைப்பில் உள்ள நஞ்செச்சம். அதற்கு வருமுன் மருந்து. அந்தச் சொல்லின் பழைய பெருமையை நினைத்தால் இது வேடிக்கைதான். 'சாவா மருந்து' என்று குறள் சொல்வது அமிழ்தத்தை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற வழியில் பொற்றையடிப் பக்கம் நிற்கிற மலைக்குப் பெயர் மருந்துவாழ்மலை. அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு அது என்பது கதை. மூலிகை வாழ்கிற இடம் என்பதால் அந்தப் பெயர்.

அப்படிப்பட்ட சொல் பூச்சிக்கொல்லிக்கு எப்படிப் பெயரானது? பயிருக்கு வருவதை நாம் 'நோய்' என்கிறோம். நோய் என்று சொல்லிவிட்டால் அதற்குத் தெளிப்பது மருந்தாகத்தானே இருக்க முடியும்? கடைக்காரருக்கும் அந்தப் பெயர் வசதி. ஆனால் பேச்சுமொழி ஏமாறவில்லை. 'மருந்தக் குடிச்சிட்டான்' என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால், அது எந்த மருந்து என்று இந்த மாவட்டத்தில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இந்த மழுப்பல் இல்லை. அங்கே அது 'விஷமடிச்ச பச்சக்கறி'. 2015இல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி அளவுக்கு மீறி இருக்கிறது என்று கேரளம் சொல்ல, தமிழக அரசு மறுக்க, பெரிய வாக்குவாதமே நடந்தது. லாரிகள் போகிற வழியில் இருக்கிற நமக்கு இரண்டு பக்கச் செய்தித்தாளும் வாசிக்கக் கிடைத்தது. ஒரே கத்தரிக்காய்க்கு ஒரு மொழியில் மருந்து, இன்னொரு மொழியில் விஷம். மலையாளம் பேசுகிறவர்களும் 'மருந்தடி' என்று சொல்வது உண்டு. விற்கும்போது மருந்து, வாங்கும்போது விஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த நாட்களில் செய்திகளில் அடிபட்ட சொல்தான் 'எச்சம்'. பூச்சிக்கொல்லி எச்சம், நச்சு எச்சம் என்றெல்லாம் எழுதினார்கள். "காயில எச்சம் இருக்குன்னா, காக்கா எச்சமா?" என்று என் வீட்டில் ஒரு கேள்வி வந்தது. சிரித்தோம். ஆனால் கேள்வி சரியான கேள்வி, ஏனென்றால் இன்றைக்கு எச்சம் என்றால் பறவை போட்டுவிட்டுப் போவது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

எஞ்சு என்ற வினையிலிருந்து பிறந்தது எச்சம். எஞ்சி நிற்பது எச்சம், அவ்வளவுதான். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கே எச்சவியல் என்று பெயர். பள்ளியில் படித்த பெயரெச்சமும் வினையெச்சமும் இதே எச்சம்தான்: வினை முடியாமல் எஞ்சி நின்று ஒரு பெயரையோ இன்னொரு வினையையோ பற்றிக்கொண்டு முடிவது. 'மருந்து அடித்த பாவக்காய்' என்பதில் 'அடித்த' பெயரெச்சம். அடித்ததோடு முடியாமல் பாவக்காயைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இலக்கணம் இவ்வளவு நேராக வயலுக்கு வந்து நிற்கும் என்று எனக்குப் பாடம் எடுத்த தமிழாசிரியர் நினைத்திருக்க மாட்டார்.

குறளில் எச்சத்துக்குப் பல முகம். 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்பதில் ஒருவர் விட்டுச்செல்வது. பிள்ளைகள் என்றும் புகழ் என்றும் பொருள் சொல்வார்கள். நமக்கு வேண்டியது 674ஆம் குறள்: 'வினைபகை என்றிரண்டின் எச்சம் நினையுங்கால் தீயெச்சம் போலத் தெறும்.' முடிக்காமல் விட்ட வேலையும் பகையும் மிச்சத் தீயைப் போலப் பின்னால் அழிக்கும் என்கிறது. அணைக்காமல் விட்ட மிச்சத் தீ தீயெச்சம். கண்ணுக்குச் சாம்பலாகத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். தீயெச்சம் என்று ஒரு சொல் இருக்கும்போது நஞ்செச்சம் என்று சொல்லக் கூச்சம் எதற்கு? 'பூச்சிக்கொல்லி எச்சம்' தவறில்லை. ஆனால் பூசணக்கொல்லி, களைக்கொல்லி எல்லாவற்றையும் ஒரே பிடியில் அடக்க நஞ்செச்சமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'ரெசிட்யூ' லத்தீனிலிருந்து வந்தது. பின்னால் தங்கி உட்கார்ந்துவிட்டது என்பது அதன் வேர்ப்பொருள். நஞ்சு காயின் தோல்மேல் உட்கார்ந்திருந்தால் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி ஓரளவு கிளப்பிவிடலாம். எல்லாம் மேலே உட்காருவதில்லை. குருணையாக மண்ணில் இட்டு வேர் வழியே ஏறுகிற வகையும், இலையில் பட்டுச் செடிக்குள் பாய்கிற வகையும் உண்டு. அவற்றைப் புளித்தண்ணீரில் முக்கினாலும் உப்புத்தண்ணீரில் முக்கினாலும் உள்ளே இருப்பது உள்ளேதான்.

எவ்வளவு இருந்தால் குற்றம்? அதற்குத்தான் 'உச்ச எச்ச வரம்பு' என்று ஒரு கணக்கு, ஒவ்வொரு நஞ்சுக்கும் ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியாக. வரம்பு குறிக்கப்படாத நஞ்சுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 10 டன் காய் ஏற்றிய ஒரு லாரி முழுவதிலும் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாலோ மூக்காலோ நாக்காலோ கண்டுபிடிக்கிற அளவு அல்ல. 'புழு இருந்தா மருந்தில்லாத காய்' என்கிற நம் வீட்டுச் சோதனையும் இங்கே செல்லாது. புழுவைப் பார்த்தபிறகு அடித்திருக்கலாம்.

எச்சத்தோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சொல் 'காத்திருப்புக் காலம்'. தெளித்த நாளிலிருந்து பறிக்கிற நாள்வரை விடவேண்டிய இடைவெளி. வெயிலிலும் காற்றிலும் செடிக்குள்ளும் நஞ்சு சிதைவதற்கான அவகாசம் அது. தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ பறிக்கிற பாவக்காய், வெண்டைக்காய்க்கு இதைக் கடைப்பிடிப்பது எளிதில்லை. நேற்று அடித்த கொடியில் இன்றைக்குக் காய் முற்றிக்கொண்டு நிற்கும். வியாபாரி வாசலில் நிற்பார்.

இனி எதிர்ப்பக்கத்துச் சொல், 'ஆர்கானிக்'. கிரேக்கத்தில் ஆர்கனான் என்றால் கருவி, உறுப்பு. பண்ணையை உறுப்புகள் சேர்ந்த ஓர் உயிராகப் பார்க்க வேண்டும் என்ற பொருளில் 1940இல் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு வேளாண்மைக்கு அதைப் பயன்படுத்தினார். வேதியியலிலோ அதே சொல் கரிமத்தை, அதாவது கார்பனைக் குறிக்கும். எவர் செய்த குறும்போ, பூச்சிக்கொல்லிகளில் பேர்பெற்ற ஒரு குடும்பத்துக்குப் பெயரே ஆர்கனோபாஸ்பேட். மோனோகுரோட்டோபாஸ் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. அதனால் 'கரிம வேளாண்மை' என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகும். அரசு ஏட்டில் 'அங்ககம்' இருக்கிறது. அங்கம் என்றால் உறுப்பு என்பதால் வேரைச் சரியாகப் பிடித்த சொல்தான், ஆனால் சந்தையில் நடமாடாது. வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வாரின் பேச்சுகள் வழியே ஊர்தோறும் பரவியது 'இயற்கை வேளாண்மை'. எனக்குப் பிடித்தது 'உயிர்ம வேளாண்மை'. மலையாளத்தின் 'ஜைவ கிருஷி'யும் உயிரைத்தான் பிடிக்கிறது என்பதால் குமரிக்காரர் காதுக்கு அது அந்நியமாகவும் படாது.

'நஞ்சில்லா உணவு' என்பது வேறு. உயிர்மம் என்பது விளைவித்த முறையைச் சொல்கிறது. நஞ்சில்லா என்பது விளைந்த பொருளுக்கு வாக்குக் கொடுக்கிறது. முறை சரியாக இருந்தாலும் பக்கத்து விளையில் அடித்தது காற்றில் வந்து விழும், பழைய மண்ணில் கிடந்தது ஏறி வரும். உயிர்ம விளைச்சல் என்று சான்று கொடுக்கும்முன் பருவப்பயிருக்கு 2 ஆண்டும் தென்னை, மா போன்றவற்றுக்கு 3 ஆண்டும் மாறுகாலம் கேட்பது அதனால்தான். அப்படியானால் கூடுதல் விலை கொடுப்பது வீணா? இல்லை. 343 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு கட்டுரை, வழக்கமான விளைச்சலில் நஞ்செச்சம் தென்படுவது உயிர்ம விளைச்சலைவிட ஏறத்தாழ 4 மடங்கு அதிகம் என்றது. பூச்சியம் என்று சொல்லவில்லை, குறைவு என்றது. கைக்குழந்தைக்கு மசித்துக் கொடுக்கிற மட்டி வாழைப்பழத்துக்கு அந்தக் குறைவே எனக்குப் போதும். வாயில் துண்டைக்கூடக் கட்டாமல் முதுகில் டேங்க் சுமந்து தெளிக்கிறவருக்குக் கிடைக்கிற நிம்மதியும் அந்த விலைக்குள்தான் இருக்கிறது. நாம் எச்சத்தைப் பற்றிப் பேசுகிறோம், அவர் மேலே விழுவது முழுசு.

எல்லாவற்றையும் அந்த விலைக்கு வாங்க என்னாலும் முடியாது. அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டேன். 'மருந்து அடிச்சதா?' என்றால் எல்லோரும் இல்லை என்பார்கள். போன வாரம் அதே அக்காவிடம் பாவக்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, "கடைசியா அடிச்சு எத்தன நாள் ஆச்சுக்கா?" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கத்திரிக்கா நம்ம விளை. பாவக்கா மொத்தக் கடையில எடுத்தது மக்களே, அது எனக்கெங்க தெரியும்?"

கத்தரிக்காய் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.